மலையகத்தில் கோழிகளுக்குச் சமநிலையான, சிக்கனமான தீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலை, வெலிமடை, பண்டாரவளை ஆகிய பகுதிகளில் பத்து இருபது கோழிகள் முதல் சில நூறு கோழிகள் வரை முட்டைக்காக வளர்க்கும் குடும்பங்களுக்காக இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. கோழி வளர்ப்பில் மொத்தச் செலவின் 60 முதல் 70 சதவீதம் தீனுக்கே போகிறது. தீனைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள் பெரும்பாலும் வெப்பமான இடங்களுக்கு உரியவை. மலையகத்தின் குளிரும் ஈரமும் அந்த அளவுகளை எந்த இடத்தில் மாற்றுகின்றன என்பதற்கு இங்கே கூடுதல் கவனம் கொடுத்திருக்கிறோம்.

முட்டையிடும் ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீன் தேவை?

தாழ்நிலத்தில் 110 முதல் 115 கிராம் போதும். கோழிக்கு மிக வசதியான வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 24 பாகை செல்சியசுக்குள் அமைகிறது. அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு பாகைக்கும், உடலைச் சூடாக வைத்திருப்பதற்காக, கோழி சுமார் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் கூடுதலாகத் தின்னும். கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் சில இரவுகளில் புல்லில் உறைபனி படிகிறது. ஆகவே அங்கு ஒரு கோழி 120 முதல் 130 கிராம் தின்பதைப் பார்த்து, தீன் வீணாகிறது என்று எண்ணிக் குறைத்துவிடக் கூடாது.

ஆனால் அந்தக் கூடுதல் தேவை முழுவதும் வெப்பத்துக்கான சக்தியே. புரதத்தின் தேவை குளிரில் பெரிதாகக் கூடுவதில்லை. எனவே விலை கூடிய முட்டைக்கோழித் தீனையே கூட்டிக் கொடுப்பதற்குப் பதிலாக, வழக்கமான 115 கிராம் தீனை அப்படியே கொடுத்து, அடைவதற்குச் சற்று முன்பு கோழி ஒன்றுக்கு 10 முதல் 15 கிராம் உடைத்த சோளத்தை மேலதிகமாகப் போடுவது மலிவானது. சோளம் இரைப்பையில் இரவு முழுவதும் மெல்ல மெல்லச் செரிப்பதால், விடியற்காலைக் குளிர் வரை அது துணை நிற்கும்.

சமநிலைத் தீன் என்று எதைச் சொல்கிறோம்?

சக்தி, புரதம், கல்சியமும் பொஸ்பரசும் உள்ளிட்ட கனியுப்புகள், விற்றமின்கள் ஆகிய நான்கும் கோழியின் வயதுக்கும் வேலைக்கும் ஏற்ற விகிதத்தில் சேர்ந்திருக்கும் தீனையே அவ்வாறு சொல்கிறோம். இவற்றில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதன் அளவுக்கே முட்டையும் அமையும். மற்றவை எவ்வளவு மிகுதியாக இருந்தாலும் அந்தக் குறையை அவை ஈடுசெய்யமாட்டா. புரதத்திலும் அளவு மட்டும் பார்த்தால் போதாது. லைசின், மெதியோனைன் என்னும் இரண்டு அமினோ அமிலங்கள் தானியங்களில் குறைவாக இருப்பதால், சோயாப் புண்ணாக்கும் மீன்தூளும் தீனில் இடம்பெறுகின்றன.

வயதுக்கு ஏற்றபடி தீனை மாற்றத்தான் வேண்டுமா?

ஆம். முட்டை இனக் குஞ்சுகளுக்கு முதல் 8 வாரங்களில் சுமார் 20 சதவீதப் புரதம் உள்ள குஞ்சுத் தீனும், அதன்பின் ஏறக்குறைய 18 வாரம் வரை 15 முதல் 16 சதவீதப் புரதம் உள்ள வளர்ச்சித் தீனும், முட்டையிடத் தொடங்கும்போது 16 முதல் 18 சதவீதப் புரதமும் 3.5 முதல் 4 சதவீதக் கல்சியமும் உள்ள முட்டைக்கோழித் தீனும் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மூடை போதும் என்று குஞ்சுகளுக்கு முட்டைக்கோழித் தீனைக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த அளவு கல்சியம் இளங்குஞ்சின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இறைச்சிக்கான புரொய்லர் குஞ்சுகளுக்குத் தொடக்கத்தில் 22 சதவீதம் அளவிலான புரதம் தேவை. அது தனி வழி.

கடையில் வாங்கும் தீனுடன் குருணலைப் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்தால் செலவு குறையுமா?

இதுவே எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. மாதக் கடைசியில் கையில் காசு இல்லாதபோது எல்லாருக்கும் தோன்றும் வழி இது என்பதால், கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 17 சதவீதப் புரதமுள்ள தீனுடன் 8 சதவீதப் புரதமுள்ள குருணலைச் சமமாகக் கலந்தால் கலவையின் புரதம் 12.5 சதவீதமாக இறங்குகிறது. 120 கிராம் தின்னும் கோழிக்கு நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேல் கிடைத்துவந்த புரதம் 15 கிராமாகிறது. கல்சியம் இதைவிட மோசம், 3.7 சதவீதம் இருந்தது பாதியாகிவிடுகிறது. ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. தின்பதில் பாதியளவே உடலில் சேர்வதால் நாளொன்றுக்கு 4 கிராம் தேவை. அது தீனில் கிடைக்காதபோது கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்கிறது. முதல் ஒரு வாரம் வித்தியாசம் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். பிறகு ஓடு மெலிகிறது, முட்டை சிறுக்கிறது, அதன்பின் நின்றேவிடுகிறது. நின்ற முட்டையை மீண்டும் வரவைப்பதற்குப் பல வாரங்கள் நல்ல தீன் கொடுக்க வேண்டியிருக்கும். மிச்சப்படுத்திய பணத்தைவிட அதற்கு ஆகும் செலவு அதிகம்.

தீட்டிய அரிசியை மட்டும் தின்னும் கோழிக்கு என்ன நேரும் என்பதை 1890களிலேயே ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன் கண்டார். கோழிகளின் கால்கள் வலுவிழந்து தளர்ந்தன. தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்தபோது தேறின. விற்றமின்கள் பற்றிய அறிவுக்கு வழிகாட்டிய அந்தப் பணிக்காக அவருக்கு 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. குருணல் நல்ல சக்திப் பொருள்தான். முதல் விடையில் சொன்ன மாலைநேரச் சோளத்துக்குப் பதிலாக அதே 10 முதல் 15 கிராம் அளவில் அதைப் போடலாம். தீனின் இடத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது.

வீட்டிலேயே தீன் கலக்கலாமா? எந்த அளவில்?

ஐம்பது கோழிகளுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு, மூலப்பொருட்கள் நம்பகமான இடத்திலிருந்து கிடைக்குமானால், கலப்பது பயன் தரும். பத்துக் கோழிகளுக்காகக் கலப்பதைப் பரிந்துரைக்கமாட்டோம்; மருந்துத் தராசில் நிறுக்க வேண்டிய சிறு பொருட்களில் பிழை வந்துவிடும்.

முட்டையிடும் கோழிகளுக்கு 100 கிலோ கலப்பதானால் சோளம் 50 கிலோ, அரிசித் தவிடு 12, தேங்காய்ப் புண்ணாக்கு 6, சோயாப் புண்ணாக்கு 18, மீன்தூள் 4, சிப்பித்தூளும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்து எட்டரை, இருகல்சியம் பொஸ்பேற்று 1, உப்பு கால் கிலோ, விற்றமின்–கனியுப்புக் கலவை கால் கிலோ என்ற அளவு சரியாக அமையும். இதில் புரதம் ஏறக்குறைய 17 சதவீதமும், கல்சியம் 3.7 சதவீதமும், சக்தி கிலோவுக்கு 2600 கிலோ கலோரி அளவிலும் இருக்கும். சக்தி சற்றுக் குறைவுதான். மாலைநேரச் சோளம் அதை நிரப்பிவிடும். மீன்தூள் உப்புக் கரிப்பதாக இருந்தால் உப்பைச் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். விற்றமின் கலவையில் மெதியோனைன் சேர்ந்திருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கலக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். கால் கிலோ விற்றமின் கலவையை 100 கிலோ குவியலின்மேல் தூவிப் புரட்டினால், ஒரு கோழிக்கு நான்கு மடங்கும் இன்னொரு கோழிக்கு ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் உப்பு, விற்றமின், பொஸ்பேற்று ஆகியவற்றை இரண்டு கிலோ சோளமாவுடன் ஒரு வாளியில் நன்றாகக் கலக்க வேண்டும். அதைப் பத்துக் கிலோவுடனும், பிறகு முழுக் குவியலுடனும் சேர்த்து, உலர்ந்த சீமெந்துத் தரையில் சவலால் குறைந்தது நான்கு முறை இடம் மாற்றிப் புரட்ட வேண்டும். சோளத்தை மாவாக அரைக்காமல் இரண்டு மூன்று மில்லிமீற்றர் நொய்யாக உடைப்பதே போதும். மிக நுண்ணிய மாவு கோழியின் அலகில் ஒட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் போய்ச் சேரும்.

புரதத்துக்கு எந்தப் பொருள் மலிவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூடையின் விலையை அதில் உள்ள புரதத்தின் எடையால் வகுத்துப் பாருங்கள். 50 கிலோ தேங்காய்ப் புண்ணாக்கில் சுமார் 10 கிலோ புரதமும், 50 கிலோ சோயாப் புண்ணாக்கில் சுமார் 22 கிலோ புரதமும் இருக்கின்றன. சோயாவின் விலை தேங்காய்ப் புண்ணாக்கின் விலையைப் போல் 2.2 மடங்கைத் தாண்டாதவரை, புரதக் கணக்கில் சோயாதான் மலிவு. தேங்காய்ப் புண்ணாக்கில் லைசின் குறைவு, நார் அதிகம். ஆகவே தீனில் அது 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மாட்டுக்கு ஏற்றது என்பதாலேயே கோழிக்கும் ஏற்றது என்று கொள்ளக் கூடாது.

சோளத்தின் விலை ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. அனுராதபுரம், மொனராகலை, அம்பாறை மாவட்டங்களிலும், நம் பதுளை மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளிலும் பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும்போது விலை இறங்கும். அப்போது சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு லொறியில் எடுப்பது சிக்கனம். ஆனால் அடுத்த கேள்வியின் விடையை வாசித்த பின்னரே அதைச் செய்ய வேண்டும்.

மழைக்காலத்தில் தீன் பூஞ்சணம் பிடிக்கிறது. வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. மலையகக் கோழிகளுக்குத் தீனால் வரும் கேடுகளில் இதையே முதலாவதாக வைக்கிறோம். சோளத்திலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அப்லரொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. காயவைத்தால் பூஞ்சணம் உதிரும். நஞ்சு அப்படியே இருக்கும். கழுவுவதாலும் அவிப்பதாலும் அது போவதில்லை. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கைத் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. சிறிய அளவில் தின்னும் கோழி உடனே சாவதில்லை. ஈரல் கெட்டு, முட்டை குறைந்து, எந்த நோய்க்கும் எளிதில் இரையாகிறது. வாத்துகளும் குஞ்சுகளும் இன்னும் விரைவில் பாதிக்கப்படும்.

வாங்கும்போதே மூடையின் தையலைப் பிரித்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பாருங்கள். நடுவில் சூடாக இருந்தால், அல்லது ஓரத்தில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால், அந்த மூடை வேண்டாம். சோளமணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும். அமுங்கினால் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். மணியின் நுனிப்பக்கம் பச்சையோ கருநீலமோ படிந்திருந்தால் முகர்ந்து பார்க்கவே தேவையில்லை.

மஸ்கெலியா, ஹற்றன் பக்கம் தென்மேற்குப் பருவமழை வைகாசி முதல் புரட்டாதி வரை நிற்காமல் பெய்யும். வெலிமடை, பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழையில்தான் ஈரம் கூடும். உங்கள் பகுதியின் மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தீன் சேர்த்து வைக்காதீர்கள். மூடையைத் தரையிலிருந்து அரை அடி உயரமான பலகையில், சுவரில் படாமல் வைக்க வேண்டும். லயத்துத் தகரக் கூரையின் உட்புறத்தில் விடியற்காலையில் பனித்துளி கோர்த்துச் சொட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். மூடையின் மேற்பகுதி நனைவதற்கு அந்தச் சொட்டு போதும். விறகடுப்பு எரியும் வீடுகளில் அடுப்புக்கு மேலுள்ள பரணைவிடச் சோளத்துக்கு நல்ல இடம் கிடையாது. தவிட்டுக்கு அது பொருந்தாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சூட்டில் விரைவாகக் காறிப்போகும். அதைக் குளிர்ந்த உலர்ந்த மூலையில் வைத்து மூன்று வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

கோவா, லீக்ஸ், கரட் இலைகள் சும்மாவே கிடைக்கின்றன. தீனைக் குறைத்துவிட்டு அவற்றைக் கொடுக்கலாமா?

கீரைவகை கோழிக்கு நல்லது. மஞ்சட் கருவுக்கு நிறம் கொடுக்கும், ஒன்றையொன்று கொத்தும் பழக்கத்தைக் குறைக்கும். ஆனால் ஒரு கிலோ கோவா இலையில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். அதைத் தின்று வயிறு நிறைந்த கோழி தீனைத் தொடாது. கோழி ஒன்றுக்கு நாளைக்கு ஒரு கைப்பிடி, அதுவும் காலைத் தீனைத் தின்ற பிறகு, என்பதே அளவு. கரட் இலையும் பீற்றூட் இலையும் கோவாவைவிடச் சத்தானவை. லீக்ஸ், வெங்காயத் தாள்கள் வேண்டாம். வெங்காய இனம் மிகுந்தால் கோழியின் இரத்தத்தைக் கெடுக்கும்.

இவற்றைவிட முக்கியமானது, அந்த இலையில் எப்போது மருந்து அடித்தார்கள் என்பது. மரக்கறித் தோட்டங்களில் வெளியிலைகளே அதிக மருந்தை வாங்குகின்றன. சந்தைக்குப் போகும் முன் கழித்துப் போடுவதும் அந்த வெளியிலைகளையே. அறுவடைக்கு முந்தைய நாட்களில் தெளித்தார்களா என்று தோட்டக்காரரிடம் கேட்டு, திருப்தியான விடை கிடைக்காவிட்டால் அந்த இலைகளை எருக்குழியில் போட்டுவிடுங்கள். அந்தக் கோழியின் முட்டையை உங்கள் பிள்ளைகள்தாம் சாப்பிடப்போகிறார்கள்.

கோழிக்குக் கொடுக்கவே கூடாதவை எவை?

பச்சை படிந்த உருளைக்கிழங்கும் அதன் முளைகளும், அவகாடோ என்னும் வெண்ணெய்ப்பழத்தின் தோல், கொட்டை, இலை, அவிக்காத சோயா அவரை, வாட்டாத மரவள்ளி இலை, கருவாட்டுக் கழிவு, பூஞ்சணம் பிடித்த பாணும் ரொட்டியும். நல்ல உருளைக்கிழங்குத் தோலை அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொடுக்கலாம். தேயிலைத் தூள் கழிவில் உள்ள தனின் புரதத்தைச் செரிக்கவிடாது. அதையும் தவிர்ப்பது நல்லது.

லயத்தைச் சுற்றி மேயும் நாட்டுக்கோழிகளுக்கும் இதே தீன் வேண்டுமா?

வேண்டாம். மேய்கிற கோழி புழு, பூச்சி, புல்விதை ஆகியவற்றால் புரதத்தையும் விற்றமின்களையும் ஓரளவுக்குத் தானே தேடிக்கொள்ளும். அதற்குக் குறைவது பெரும்பாலும் சக்தியும் கல்சியமுமே. மாலையில் கூட்டுக்குத் திரும்பும்போது கோழி ஒன்றுக்கு 40 முதல் 50 கிராம் உடைத்த சோளமும் தவிடும் கலந்து கொடுத்து, ஒரு சிரட்டையில் சிப்பித்தூளை எப்போதும் வைத்திருந்தால் போதும். மழை தொடர்ந்து பெய்து கோழி வெளியே போகாத நாட்களில் இதை இரட்டிப்பாக்க வேண்டும். பண்ணை இனக் கோழியை இப்படி வளர்த்தால் முட்டை கிடைக்காது. நாட்டுக்கோழிக்கு முட்டைக்கோழித் தீனை நிறையக் கொடுத்தாலும் அதன் முட்டை ஓரளவுக்கு மேல் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும், குண்டசாலையில் உள்ள கரந்தகொல்ல மத்திய கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான, வீட்டு வளர்ப்புக்கான இனம் தோட்டக் குடும்பங்களுக்குப் பொருத்தமானது என்பது எங்கள் கருத்து.

முட்டை ஓடு மெல்லியதாக இருக்கிறது. வீட்டு முட்டைக் கோதுகளைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கோதுகளைக் கழுவி, வாட்டி, முட்டையின் வடிவம் தெரியாதபடி உடைத்துத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். ஓடு இரவில்தான் உருவாகிறது. ஆகையால் பிற்பகலில் தின்னும் பருமனான சிப்பித்துண்டு, மாவாக அரைத்த சுண்ணாம்பைவிட நன்றாக உதவும்.

குஞ்சுகள் நல்ல தீன் கொடுத்தும் வளரவில்லை. ஏன்?

பெரும்பாலும் குளிர்தான். முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை வெப்பம் தேவை; வாரத்துக்கு 3 பாகையாகக் குறைத்துக்கொண்டு வரலாம். தாழ்நிலத்தில் மூன்று வாரத்தில் மின்குமிழை எடுத்துவிடுவார்கள்; நுவரெலியாவில் ஐந்து ஆறு வாரம் வரை அது தேவைப்படும். குளிரில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்குமே தவிரத் தீனுக்கு வரமாட்டா. இரவு பத்துக் குஞ்சுகளைக் கையில் எடுத்துக் கழுத்தின் அடியிலுள்ள இரைப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். நனைந்த மாவைப் போல மெதுவாக, நிறைந்து இருந்தால் நல்லது. வெறுமையாக இருந்தால் வெப்பத்தையும், கெட்டியாக இருந்தால் தண்ணீரையும் முதலில் கவனியுங்கள்.

தண்ணீர் பற்றி?

தீனின் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீர், அதாவது கோழிக்கு ஏறக்குறைய கால் லீற்றர். உறைபனி விழும் காலையில் பாத்திரத்துத் தண்ணீரை மாற்றி, கை பொறுக்கும் இளஞ்சூட்டில் ஊற்றினால் கோழி நன்றாகக் குடிக்கும். குடிக்காத கோழி தின்னாது.

அசோலா என்னும் மிதக்கும் நீர்த்தாவரத்தை வளர்த்துத் தீன் செலவைக் குறைக்கலாமா?

கண்டி, பதுளை போன்ற மிதமான வெப்பமுள்ள இடங்களில் பயன் உண்டு. நுவரெலியாக் குளிரில் அது மெதுவாகத்தான் பெருகும். அங்கே அந்த உழைப்பைத் தீன் சேமிப்பிலும் தீன் தொட்டியைச் சரிசெய்வதிலும் செலவிடுவது மேல். தீன் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் கணிசமான பங்கு அலகால் வெளியே தள்ளப்பட்டு உமியில் சேர்கிறது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பி, தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்கும்படி தொங்கவிடுங்கள்.

தீன் கட்டுப்படியாகிறதா என்பதை எப்படிக் கணக்கிடுவது?

மூடை விலையைப் பார்க்காமல், ஒரு முட்டைக்கு எத்தனை கிராம் தீன் போகிறது என்று பாருங்கள். 20 கோழிகள் நாளொன்றுக்கு 2.4 கிலோ தின்று 16 முட்டை இட்டால், ஒரு முட்டைக்கு 150 கிராம். அதே தீனைத் தின்று 10 முட்டை இட்டால் 240 கிராம். ஒரு கிலோ தீனின் விலையை முதல் கணக்கில் 0.15ஆலும் இரண்டாவதில் 0.24ஆலும் பெருக்கினால், முட்டை ஒன்றின் தீன் செலவு கிடைக்கும். கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்த தீனுக்கு மாறி, முட்டை 16இலிருந்து 12ஆக இறங்கினால், ஒரு முட்டைக்கு 200 கிராம் தீன் போகும். அந்தத் தீன் மலிவானதல்ல. கணக்கில் முட்டையிடாத கோழிகளையும், தேவைக்கு மேல் உள்ள சேவல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை.

நல்ல தீன் கொடுத்தும் முட்டை குறைந்தால் யாரிடம் கேட்பது?

இறகு உதிர்க்கும் பருவம், வயிற்றுப் புழு, வெளிச்சக் குறைவு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். முட்டையிடும் கோழிக்கு 14 முதல் 16 மணிநேர வெளிச்சம் தேவைப்படுவதால், பனிமூட்டம் மூடிக்கிடக்கும் மாதங்களில் அதிகாலையில் இரண்டு மூன்று மணிநேரம் ஒரு மின்குமிழ் எரிய வேண்டும். இவற்றில் காரணம் தெரியாவிட்டால் உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் செல்லுங்கள். போகும்போது தீன் மூடையில் தைத்திருக்கும் விவரச் சீட்டையும், மூடையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் எடுத்துக் கலந்த அரைக் கிலோ தீனையும், கடைசி இரண்டு வார முட்டை எண்ணிக்கையையும் கொண்டுசெல்லுங்கள்.